பத்தும் பத்தும் ஐந்து

1

ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். இதை எழுத உட்கார்ந்து அவ்வளவு நேரம் ஆயிற்று. அதில் முதல் ஆறு மணி நேரம் இது கதையே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறிவியல் மாத இதழில் எண்ணூறு சொல்லில் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: "மின்தேக்கிகளைத் தொடரில் இணைத்தலும் முனையற்ற மின்தேக்கிகளும்." நான் இயற்பியல் படித்தவள், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். (தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். மறுக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு வாக்கியம் பேச வேண்டுமே.)

முதல் தொடக்கம்: "மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஒரு"

(அடித்துவிட்டேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தொட்டியின் அடியில்"

(எத்தனை பாடப்புத்தகங்களுக்குத்தான் அந்தத் தொட்டி உழைக்கும்? விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: "பட்."

இதை எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டல் முனையையும் கழித்தல் முனையையும் மாற்றி வைத்த மின்தேக்கி பழுதாகும் சத்தம் அது. பெரிய வெடி இல்லை. மூடி உப்பும், கிழியும், மீன் வாடை போல ஒரு நெடி வரும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் என்று ஒன்றை எழுதியவுடன் அதைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. யார் கேட்டது? எந்த அறையில்? கட்டுரை அந்த இடத்தில் எழுந்து வெளியே போனது. கதை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

2

அறை இதுதான்: அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், நீளமாக ஒன்று. சுவர் முழுக்கச் சுருட்டித் தொங்கவிட்ட கேபிள்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், இடது ஒன்று, வலது ஒன்று. நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைத்துக் கொடுக்கும் கடை.

ஆட்கள் மூன்று பேர். அக்கா, தங்கை, அக்காவின் கணவர். தங்கை அவரை மாமா என்பாள். மாமா வண்டி ஓட்டுவார், பெட்டி தூக்குவார், வாய் ஓயாமல் பேசுவார். தங்கை ஒயர் வேலை பார்ப்பாள், அனேகமாகப் பேசமாட்டாள். (அந்தக் கூச்சம் என்னிடமிருந்து எடுத்தது. மற்றபடி தங்கை நானில்லை. எனக்கு அக்காவும் இல்லை.)

அக்கா மிக்ஸரில் உட்காருவாள், அதாவது மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையின் முன்னால். இந்தத் தொழிலில் அவளுக்குப் பெயர் 'காது'. ஒரு தடவை மண்டபத்துக்கு வெளியே கைகழுவிக்கொண்டிருந்தவள், உள்ளே பன்னிரண்டு மைக்கில் ஏழாவதில் ஒயர் ஆடுகிறது என்று அங்கிருந்தே கத்தினாளாம். அன்றிலிருந்து, "காது இருக்காங்களா?" என்றுதான் எல்லாரும் போன் செய்கிறார்கள். மாமா எடுத்தால், "காது இல்லீங்க, வாய்தான் இருக்கு, சொல்லுங்க" என்பார்.

அக்காவிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எந்த நிகழ்ச்சியானாலும் தங்கை நடுவழியில், நாற்காலி வரிசைகளுக்கு இடையே, மேடைக்கு முதுகைக் காட்டி அக்காவைப் பார்த்து நிற்க வேண்டும். கூட்டம் முழுக்கத் தன்னையே பார்ப்பது போலத் தங்கைக்கு உடம்பு கூசும். "எதுக்கு அக்கா நான் அங்க?" என்று கேட்டால், "நீ நின்னா எனக்குக் கை ராசி" என்பாள். மாமா சிரிப்பார். "பாடுறவங்கள விட இவ மூஞ்சியத்தான் சனம் பாக்குது. சத்தம் கூரா வந்தா மூக்கச் சுருக்குவா பாரு, எலிக்குட்டி மாதிரி!"

(இந்தப் பத்தியைச் சும்மா ஒரு சிரிப்புக்காக எழுதினேன். வெட்டலாமா என்றும் யோசித்தேன். இருக்கட்டும்.)

நாளை மாலை எண்ணூறு இருக்கைகள் கொண்ட அரங்கம். பெரிய நாடகக் குழு, பாட்டும் வசனமுமாக மூன்று மணி நேரம். அக்காவை அவர்கள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நாளை நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க ஊர் ஊராகப் போகும் குழுவில் அவளுக்கு நிரந்தர இடம். சொதப்பினால் மறுபடி கூட்டமும் திறப்புவிழாவும்தான். அந்த அரங்கத்தில் மிக்ஸர் மாடியில், கண்ணாடி போட்ட அறையில் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அக்கா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: "கீழ நடுவழியில லைட்டு எரியுமா?"

"எரியாது அக்கா. நாடகம்ல. இருட்டாதான் இருக்கும்."

அக்கா நகத்தைக் கடிப்பாள்.

இப்படியிருக்க, இன்று மத்தியானம் சோதித்துப் பார்த்தபோதுதான் இடதுபக்கப் பெட்டியில், பட்.

3

தங்கை பின்பலகையைக் கழற்றினாள். நெடி மூக்கில் அடித்தது. உள்ளே ஒரு சின்ன டப்பி, கண்டென்சர் என்கிற மின்தேக்கி, தலை உப்பிக் கிழிந்திருந்தது.

"மாமா, இதை யாரு மாத்தினது?"

"நான்தான். போன மாசம். ஏன்?"

"இது முனை உள்ளது மாமா. இங்க முனை இல்லாததுதான் போடணும்."

"ரெண்டு கால்தானே இருக்கு? எந்தக் கால் எங்க போனா என்னம்மா?"

"கோடு போட்டிருக்கு பாருங்க. இது கழித்தல் கால்."

"நான் அத அழகுக்குன்னு நெனச்சேன்."

(இந்த இடத்தில் கட்டுரை எட்டிப் பார்க்கிறது. இரண்டு பத்திகள் கொடுக்கிறேன், பாவம்.)

பெட்டியில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, மேலே ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர் ஒன்று. 'ச'வும் 'ஸ'வும், தாளத்தின் சலசலப்பும், பாடகி மூச்சிழுப்பதும் ட்வீட்டரின் வேலை. அடிச்சத்தம் அதற்குள் புகுந்தால் எரிந்துபோகும். அதனால் வாசலில் ஒரு மின்தேக்கியைக் காவல் வைப்பார்கள். உயர்ந்த சத்தத்தை மட்டும் அது உள்ளே விடும். ஒலியாக வரும் மின்சாரம் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும். சாதாரண டப்பி மின்தேக்கிக்குள் இருக்கும் மெல்லிய படலமோ ஒரு திசையைத்தான் தாங்கும். எதிர்த்திசையில் வந்தால் கரைந்து, சூடேறி, உப்பிவிடும். மாமா வைத்தது அது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதே பெரிது.

தேவை நான்கு புள்ளி ஏழு மைக்ரோஃபாரட், முனையற்றது. பொருள் விற்கும் கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அறையின் இழுப்பறையில் இருந்ததெல்லாம் பத்து மைக்ரோஃபாரட், முனை உள்ளது. கைநிறைய இருந்தது.

தங்கை இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கழித்தல் காலும் கழித்தல் காலும் சேர்ந்தால்? மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இரண்டில் ஒன்று தன் சரியான திசையில் நின்று தாங்கும், மற்றதைக் காக்கும். அடுத்த கணம் திசை மாறும். அப்போது முறை மாறும். முனை உள்ள இரண்டு சேர்ந்து முனையற்ற ஒன்று! தொடரில் வைத்தால் அளவு கூடாது, பாதியாகும். பத்தும் பத்தும் ஐந்து.*

"மாமா! அஞ்சு! அஞ்சு வருது மாமா!"

"என்ன அஞ்சு? மணி மூணுதானே ஆகுது?"

* பலமாவது இரட்டிப்பாகுமே என்று நினைக்காதீர்கள். முதுகோடு முதுகாக வைத்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தாங்குகிறது. எனவே ஒன்றின் வோல்ட் வரம்புதான் இரண்டுக்கும். ஐந்துக்கும் நான்கு புள்ளி ஏழுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியாது. இந்த அடிக்குறிப்பை எழுதும்போது எனக்குக் கை படபடத்தது. ஓர் அடிக்குறிப்புக்குப் படபடக்கிற ஆள் நான்.

4

ஈயம் உருகி இரண்டின் கால்களையும் பற்றியது. தங்கை பெட்டிக்குப் பின்னாலேயே குனிந்தபடி, "அக்கா, போடு!" என்றாள். இவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த அறை கேட்டதில்லை.

அக்கா அறையின் மறுகோடியில் நின்று மைக்கை எடுத்தாள். அவள் சோதிக்கிற முறை அது: "ஸ்ஸ்... ச்ச்... ட்ஸ், ட்ஸ்."

சத்தம் கண்ணாடிச் சில்லுகளாகத் தெறித்தது. தங்கைக்கு மயிர்க்கூச்செறிந்தது. தரையில் குனிந்தபடியே குதிக்க முடியுமானால் குதித்திருப்பாள்.

"வருதா அக்கா?"

அக்கா பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"வரல."

5

இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் நானும் இங்கேதான் நின்றேன்.

சத்தியமாக நான் "வருதுடி, சூப்பர்!" என்றுதான் எழுத வந்தேன். அந்த மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்து அனுப்பியிருக்கலாம். என் கை "வரல" என்று எழுதியது. ஏன்?

சுற்றில் பிழையோ என்று காகிதத்தில் வரைந்து பார்த்தேன். கழித்தலோடு கழித்தல், சரி. கூட்டல் கால்கள் வெளியே, சரி. மதிப்பு ஐந்து, சரி. அப்படியானால் அக்கா பொய் சொல்கிறாளா? மாமா ஏதாவது விளையாடிவிட்டாரா? (மாமாவை நான் முழுதாக நம்பவில்லை. இவ்வளவு சிரிப்புக் காட்டுகிற பாத்திரங்கள் கதையைக் கெடுத்துவிட்டு அப்பாவி போல நிற்பார்கள்.)

எனக்குத் தெரிந்த ஒரே வழி, பழுது பார்க்கிற வழி: ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஆகவே தங்கையையும் அதையே செய்ய வைத்தேன். இணைப்பைப் பிரித்து, கூட்டலோடு கூட்டல் வைத்துப் பற்றவைத்தாள். அதுவும் வேலை செய்யும்.

"இப்ப?"

"வரல."

ட்வீட்டரையே மாற்றினாள்.

"இப்ப?"

"வரலடி. எத்தன தடவ சொல்றது?"

கடைசியில், இன்று வரை எந்தக் குறையும் இல்லாத வலதுபக்கப் பெட்டியில் ஒயரைச் செருகினாள். பெட்டிக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"இதுல வருதா அக்கா?"

"இதுவும் போச்சா? ஐயையோ, நாளைக்கு என்னடி பண்றது?"

தங்கை ஒயரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். நான் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

6

தங்கையின் கைபேசியில் ஒரு செயலி உண்டு. அடிச்சத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏறிக்கொண்டே போகும் ஒற்றைச் சுருதியை அது வாசிக்கும். சுருதி நொடிக்கு எத்தனை அதிர்வில் இருக்கிறது என்று திரையில் காட்டும். தங்கை அதைப் பெட்டியோடு இணைத்தாள். மாமா அக்காவுக்குப் பின்னால், வாசல் பக்கம் நின்றிருந்தார்.

"அக்கா, சத்தம் கேக்கற வரைக்கும் கையைத் தூக்கி வச்சுக்கோ. நின்னதும் கீழ போடு. பொட்டிய டெஸ்ட் பண்றேன்."

அக்கா கையைத் தூக்கினாள். உறுமல் முனகலாயிற்று, முனகல் குழலாயிற்று, குழல் விசிலாயிற்று. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரம்தான் பெரிய ஸ்பீக்கர் ஓய்ந்து ட்வீட்டர் வாங்கிக்கொள்ளும் இடம். அந்த இடம் தாண்டியதும் அக்காவின் கை இறங்கியது.

"பாத்தியா? மேல சுத்தமா வரல."

தங்கை பெட்டி இடுக்கு வழியாக மாமாவைப் பார்த்தாள். மாமா இரண்டு காதிலும் விரலை விட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார். அக்காவின் கை கீழே தொங்கியது. ஐயாயிரம், ஏழாயிரம், பத்தாயிரம். மாமா விரலை எடுக்கவே இல்லை.

பிறகு அவரும் அக்காவின் கையைப் பார்த்தார். கோணியிருந்த முகம் மெல்ல நேராயிற்று.

7

இந்நேரம் இதழாசிரியை அழைத்தார்.

"என்னம்மா, கட்டுரை முடிஞ்சுதா?"

"கொஞ்சம்... ஆள் வந்துட்டாங்க மேடம்."

"வீட்டுக்கா?"

"கட்டுரைக்கு."

அவர் சற்று யோசித்தார். "ஃபார்முலா இருக்குல்ல?"

"பத்தும் பத்தும் அஞ்சு. இருக்கு மேடம்."

"அப்ப சரி. முடிவு நல்லபடியா வரட்டும்" என்று வைத்துவிட்டார். எந்த முடிவு என்று சொல்லவில்லை. என்னிடம் மூன்று இருந்தன.

முடிவு அ: தங்கை வாயைத் திறக்கவில்லை. "கண்டென்சர் மாத்திட்டேன் அக்கா, சரியாயிடுச்சு" என்று பொய் சொல்கிறாள். நாளை அக்கா மாடி அறையில் உட்கார்ந்து, வராத சத்தத்தை வரவழைக்கக் குமிழைத் திருகிக்கொண்டே போகிறாள். எண்ணூறு பேர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். (என்னால் எழுத முடியாது. எனக்கு அக்காவைப் பிடித்துப்போய்விட்டது.)

முடிவு ஆ: மாமா எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார். "அடியே, உனக்கு" (வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் உடைப்பார், இதை உடைக்கமாட்டார். அந்த முகத்தை நீங்களும்தானே பார்த்தீர்கள்?)

முடிவு இ: தங்கை அக்காவின் தோளில் கைவைத்து, முனை உள்ள இரண்டு முதுகோடு முதுகாக நிற்பது பற்றி அழகாக ஓர் உவமை

(மாட்டேன். இவ்வளவு நேரமும் அந்த உவமை வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. திறக்கமாட்டேன்.)

மூன்றும் போயிற்று. எழுந்து தண்ணீர் குடித்தேன். அப்புறம், வேறு வழி தெரியாமல், எழுதியதை முதலிலிருந்து படித்தேன். ஒரு கேள்வி இடித்தது. அக்காவுக்கு இப்படி என்றால், போன வாரம் நிகழ்ச்சி நடத்தியது யார்? அதற்கு முந்தின மாதம்? 'காது' என்ற பெயர் இன்றும் எப்படி நிற்கிறது? கதையில் ஓட்டை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கிழித்துப்போடத் தயாரானேன்.

அப்போதுதான் இரண்டாம் பகுதியில், சும்மா சிரிப்புக்காக எழுதி, வெட்ட நினைத்து விட்டுவைத்த அந்தப் பத்தி கண்ணில் பட்டது.

நடுவழி. எலிக்குட்டி மூக்கு. கை ராசி.

நாற்காலி பின்னால் விழுந்தது. நான்தான் தள்ளியிருக்க வேண்டும்.

8

தங்கை எழுந்தாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, அக்காவுக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கைபேசியை மாமாவிடம் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க மாமா. அக்கா, கையைத் தூக்கு."

"திரும்பவுமா?"

"திரும்ப."

உறுமல், முனகல், குழல், விசில். நாலாயிரம். தங்கைக்குக் கூசியது, மூக்கு தானாகச் சுருங்கியது. அக்காவின் கை மேலேயே இருந்தது. ஏழாயிரம். பத்தாயிரம். கை இறங்கவில்லை. சத்தம் ஊசியாக மெலிந்து, பதினாறாயிரத்தில் தங்கைக்கே கேட்காமல் போனது. அவள் மூக்கு தளர்ந்தது. அதே நொடியில் அக்கா கையைப் போட்டாள். அவள் முகமே மலர்ந்துவிட்டது.

"ஏய், வருதுடி! சரி பண்ணிட்ட! பாத்தீங்களா, என் தங்கச்சி!"

மாமா கைபேசியைத் தங்கையிடம் நீட்டினார்.

"கடைசியா ஒரு தடவை" என்றாள் தங்கை. அடுத்து அவள் செய்ததைக் கவனமாகப் பாருங்கள். எந்த ஆய்வகத்திலும் நான் பார்த்திராத சுத்தமான சோதனை அது. சுருதி ஏறியது. ஐயாயிரம். மூக்கு சுருங்கியது, அக்காவின் கை மேலே. ஆறாயிரத்தில், சத்தம் காதைக் குடைந்துகொண்டிருக்கும்போதே, தங்கை பல்லைக் கடித்து, மூக்கைத் தளர்த்தி, ஒன்றும் கேளாதவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

அக்காவின் கை இறங்கியது.

நாளை அந்த அரங்கத்தில் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். மாடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது, அதில் இரண்டு நாற்காலிகள் போட இடமும் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். இரண்டாவது நாற்காலியைப் போடுவதா வேண்டாமா, குழுவிடம் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் பாடு. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேசாத ஒருத்தியைப் பேச வைப்பது. பத்து தடவை அடித்து எழுதியும் வராத வாக்கியம் இப்போது தானாக வருகிறது.

"அதுக்குள்ள ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள் அக்கா.

"நான் நிறுத்தல அக்கா." தங்கை பெட்டியைக் காட்டினாள். "இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் காதில் விரல். பெட்டியைப் பார்த்தாள். தங்கையின் முகத்தை, அதிலும் மூக்கை, வெகுநேரம் பார்த்தாள். மாமா கைபேசியை அணைத்தார். அக்காவைத் தவிர மற்ற இருவருக்கும் அறை சட்டென்று அமைதியாயிற்று.

"அப்ப மத்தியானத்துல இருந்து வந்துட்டுதான் இருந்துதா?"

"மொத தடவையே வந்துடுச்சு."

"நீ பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தியேடி" என்றாள் அக்கா. "வருதுன்னு நான் சொல்லி, வராம போச்சுன்னா நாளைக்கு மேடையில மாட்டிப்போம். வரலன்னு சொன்னா நீ இன்னொரு தடவ பாப்ப. அதான் வரல வரலன்னு சொன்னேன்."

"அக்கா..."

"இருடி, நானே சொல்லிடறேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல." அவள் மைக்கைக் கீழே வைத்தாள். "மேல் சத்தம் எனக்குக் கேக்கறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. உன் மூஞ்சியப் பாத்துதான் மிக்ஸ் பண்றேன்."